காசமா, நண்டுப் புழுவா?

விலங்கியல் பயிலும் மாணவனுக்கு நோய்களைப் பற்றி என்ன பேச்சு என்று மன்ற நண்பர்கள் கேட்கலாம். நோய்க்குக் காரணமே ஒரு விலங்காக இருக்கும்போது எங்களுக்கும் அதில் பங்குண்டு.

என் விடுதி அறைத் தோழன் மணிப்பூர் மலைப்பகுதியைச் சேர்ந்தவன். அவன் தங்கைக்குப் பன்னிரண்டு வயது. ஓராண்டுக்கு மேலாக இருமல். சில காலைகளில் துரு நிறச் சளி. எக்ஸ்ரே படத்தில் நுரையீரலில் நிழல் இருந்தது. சளியில் காசநோய்க் கிருமி அகப்படவில்லை. ஆயினும் படத்தை நம்பி, நம் பாட்டிமார் எலும்புருக்கி என்று அஞ்சிய அந்த நோய்க்குரிய மருந்தை ஆறு மாதம் கொடுத்தார்கள். பள்ளி நின்றது, தோழிகள் வருவது நின்றது, இருமல் நிற்கவில்லை.

சென்ற குளிர்கால விடுமுறையில் அவன் ஊருக்குப் போயிருந்தேன். சிறுவர்கள் ஓடையில் நண்டு பிடித்து, நெருப்பில் சற்றே வாட்டி, உள்ளே வேகுமுன் தின்றதைக் கண்டேன். வகுப்பில் படித்த நுரையீரல் தட்டைப்புழு நினைவுக்கு வந்தது.

பாராகோனிமஸ் எனப்படும் இப்புழுவை 1878-இல் கெர்பர்ட் என்பார் ஐரோப்பிய விலங்குக் காட்சிசாலைகளில் இறந்த வங்கப் புலிகளின் நுரையீரலில் கண்டு விவரித்தார். இந்தியாவில் மனிதரிடம் இந்நோய் இருப்பது 1981-இல் மணிப்பூரில் வெளிப்பட்டது. பின்னர் அருணாசலப் பிரதேசத்திலும் நாகாலாந்திலும் கண்டனர். புழுவின் முட்டை நீரில் பொரிந்து, குஞ்சு நத்தைக்குள் புகுந்து பெருகி, அங்கிருந்து நண்டை அடைந்து கூட்டுக்குள் காத்திருக்கிறது. வேகாத நண்டைத் தின்றவரின் குடற்சுவரைத் துளைத்து, உதரவிதானத்தையும் கடந்து நுரையீரலில் குடியேறுகிறது. இரண்டு மூன்று மாதத்தில் முட்டையிடத் தொடங்குகிறது. வெளிக்குறிகள் அத்தனையும் காசத்தைப் போலவே இருக்கும்.

தோழன் தங்கையை இங்கே அழைத்து வந்தான். உரிய பாதுகாப்புடன் அவள் சளியைத் தகட்டில் தடவி, காசநோய்க்குச் செய்வதுபோலவே சாயமிட்டோம். நான் முந்திக்கொண்டு நூறு மடங்கு எண்ணெய் லென்ஸில் அரைமணி நேரம் பார்த்தேன். சில பழுப்புக் கறைகளைத் தவிர ஒன்றுமில்லை என்றேன். பேராசிரியர் ஒன்றும் பேசாமல் பத்து மடங்கு லென்ஸைத் திருப்பித் தகட்டை மெல்ல நகர்த்தினார். பொன்பழுப்பு நிறத்தில், ஒரு முனையில் மூடியுடன், நீள்வட்டமான முட்டை ஒன்று அங்கே கிடந்தது!

நான் பார்த்த முறையில்தான் பிழை. காசக் கிருமியைப்போல் இருபது முப்பது மடங்கு நீளமுள்ளது இம்முட்டை. எண்ணெய் லென்ஸில் ஒரு பார்வைக்குள் அடங்கும் வட்டத்தின் விட்டம் மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான். வழக்கப்படி நூறு வட்டங்கள் பார்த்தாலும், இரண்டுக்கு மூன்று சென்டிமீட்டர் பூச்சில் இருநூறில் ஒரு பங்கையே பார்த்திருப்போம். மீதியில் முட்டை இருந்தால் யாருக்குத் தெரியும்? இந்நாளைய மரபணுச் சோதனைப் பொறியும் காசம் உண்டா இல்லையா என்றுதான் சொல்லும். இல்லையென்றால் வேறு என்னவென்று சொல்லாது.

சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலால் சளியை இளக்கி, சுழற்றி, அடியில் தங்கியதைப் பார்த்தால் முட்டை எளிதில் அகப்படும். ஒருநாள் பார்த்து விட்டுவிடக் கூடாது. முட்டை எல்லா நாளும் வராது. குழந்தைகள் சளியை விழுங்கிவிடுவதால் மலத்தையும் பார்க்க வேண்டும். இரத்தத்தில் ஈசினோபில் அணுக்கள் மிகுந்திருப்பது இன்னொரு துப்பு. எல்லாவற்றுக்கும் முன்னே, நண்டு தின்பதுண்டா என்று கேட்கலாம்; அதற்குக் கருவியே வேண்டாம். ஆனால் முட்டை கிடைத்ததென்று காசச் சோதனையைக் கைவிடுவதும் தவறு. ஒருவருக்கே இரண்டும் இருக்கக்கூடும்.

இதைக் கேட்ட என் தாயார், “சளிக்கு வயல் நண்டு ரசம் வைக்கிறோமே, அதில் ஆபத்தில்லையா?” என்று தொலைபேசியில் கவலைப்பட்டார். நன்றாகக் கொதித்த ரசத்தில் புழு பிழைக்காது. நண்டை இடித்த உரலையும் கையையும்தான் நன்றாகக் கழுவ வேண்டும்.

டாக்டர் அந்தப் பெண்ணுக்குப் பிராசிகுவான்டல் மாத்திரையை எடைக்கேற்ப, நாளுக்கு மூன்று வேளையாக, மூன்று நாள் கொடுத்தார். “மூன்றே நாள்தானா?” என்று தோழன் இருமுறை கேட்டான். அடுத்த மாதம் துரு நிறம் போயிற்று. இவ்வாண்டு அவள் தன்னைவிட ஒரு வயது இளையவர்களோடு வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள்.