நீராவி வெப்பப் பரிமாற்றியில் மாறுவேகப் பம்பு: விருதுநகர் மாவட்டத் தொழிற்சூழலை முன்வைத்து

விருதுநகர் மாவட்டத்தில் வெப்பத்தை நம்பிய தொழில்கள் பல. சத்திரப்பட்டியின் மருத்துவக் கட்டுத்துணியை வெளுக்கச் சுடுநீர் வேண்டும். சிவகாசி, சாத்தூர் வட்டாரத் தீக்குச்சிகள் மருந்தேறும் முன் உருகிய பாரபின் மெழுகில் தோய்க்கப்படுகின்றன. தீக்குச்சி மருந்தின் அருகில் திறந்த தீ ஆகாது; ஆகவே அங்கு நீராவியே ஏற்ற வெப்ப ஊடகம்.

நீரைச் செலுத்தும் பம்பை மாறுவேகத்தில் இயக்கினால் மின்சாரம் மிச்சமாகும் என்பது பரவலான கருத்து. உராய்வு மட்டுமே தடையாகவுள்ள மூடிய சுற்றில் வேகம் பாதியானால் மின்திறன் எட்டில் ஒன்றாகும். மேல்நிலைத் தொட்டிக்கு நீரேற்றும் பம்புக்கு இக்கணக்குப் பொருந்தாது. இவை பலரும் அறிந்தவை. பம்பின் வேகம் நீராவிப் பக்கத்தில் விளைவிக்கும் மாற்றமே கவனிக்கப்படாமல் போகின்றது.

30 பாகை நீரை 80 பாகைக்குச் சூடாக்கும் பரிமாற்றியில் நீராவி 120 பாகையில் (அளவி அழுத்தம் ஏறத்தாழ 1 பார்) உள்ளதெனக் கொள்வோம். நீரின் சராசரி 55 பாகை. வெப்பநிலை வேறுபாடு 65. நீரோட்டம் பாதியானால் வெப்பச்சுமையும் பாதியாகும். வெப்பக் கடத்துகெழு மாறாதெனில் 32.5 பாகை வேறுபாடே போதும். கட்டுப்பாட்டு வால்வு ஒடுங்க, நீராவி 87.5 பாகைக்கு இறங்கும். அது வளிமண்டல அழுத்தத்திற்கும் கீழான நிலை. ஒடுக்கநீரை வெளியே தள்ள விசையின்றி அது உள்ளேயே தேங்கும். மீண்டும் நீராவி புகும்போது மோதல் அதிர்ச்சி எழும். நாளடைவில் குழாய்கள் அரிக்கும்.

ஆனால் கெழு மாறாதிருப்பதில்லை. கொந்தளிப்பு ஓட்டத்தில் நீர்ப்பக்கக் கெழு திசைவேகத்தின் 0.8 அடுக்கைப் பின்பற்றுவதால், ஓட்டம் பாதியாகும்போது அது 0.57 மடங்காகும். தடை முழுவதும் நீர்ப்பக்கமே எனில் தேவையான வேறுபாடு 57 பாகை. நீராவி 112 பாகையில், சுமார் அரை பார் அழுத்தத்தில் நிற்கும். நடைமுறை இவ்விரு எல்லைகளுக்கும் இடைப்பட்டது. ஒடுக்கநீர்க் குழாய் ஆறு மீட்டர் ஏறிச் செல்லும் ஆலையில், சாதகமான எல்லையிலும் தேக்கம் தவிராது.

எனவே ஒடுக்கநீர் தானே கீழ்நோக்கி வடியுமாறு பரிமாற்றியை உயர்த்தி வைத்தலும், வெற்றிட நீக்கி பொருத்தலும் முதற்பணி. ஏற்றம் தவிர்க்கவியலாத இடத்தில் நீராவியால் இயங்கும் ஒடுக்கநீர்ப் பம்பு தேவை. பம்பு நின்றவுடன் நீராவி வால்வு தானே மூடிக்கொள்ளும் இணைப்பும் இன்றியமையாதது. இல்லையேல் உள்ளே நின்ற நீர் கொதித்துவிடும்.

பட்டாசு வட்டாரத்திற்கு மற்றொன்றும் உண்டு. குறைவேகத்தில் மோட்டாரின் விசிறியும் தளர்வதால் அதன் மேற்பரப்பு சூடேறும். ஆகவே வெடிமருந்துத் தூள் படியும் பகுதியில், மாறுவேக இயக்கத்திற்கெனச் சான்றளிக்கப்படாத மோட்டாரை வைத்தலாகாது; வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டியோ அப்பகுதிக்கு வெளியே இருத்தல் வேண்டும்.