இசுமோவும் தீபாவளி + 10-உம்

ஜப்பானில் கியோட்டோ கூட்டம் வேண்டாம், அமைதியா ஒரு இலையுதிர்காலம் பார்க்கணும்னா நான் சொல்வது ஷிமானே மாநிலம், இசுமோ. ஜப்பான் கடலோரம். புல்லட் ரயில் கிடையாது; டோக்கியோவில் இரவு ரயில் ஏறினால் சுமார் 12 மணி நேரம். ஆனால் தேதியைச் சரிபார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். நான் போடவில்லை.

பழைய ஜப்பானியக் காலண்டரில் பத்தாவது மாதத்தின் பெயர் கன்னாசுகி. 'கடவுள் இல்லாத மாதம்' என்று எழுதுவார்கள். நாடு முழுக்க உள்ள கடவுள்கள் அப்போது இசுமோவில் கூடுகிறார்களாம். அதனால் அங்கே மட்டும் அதே மாதத்துக்குப் பெயர் கமியாரிசுகி, கடவுள் இருக்கும் மாதம். கூட்டத்தில் முக்கியமான பேச்சு, யாருக்கு யாரோடு முடிச்சு என்பது. பெரிய கோயிலின் கிழக்கிலும் மேற்கிலும் நீளமான இரண்டு மரக் கட்டடங்கள் உண்டு. வந்த கடவுள்கள் தங்கும் லாட்ஜ்!

(ஒரு சின்ன இடைச்செருகல்: 'இல்லாத' என்பது பின்னால் வந்த எழுத்து விளையாட்டாக இருக்கலாம் என்கிறார்கள். நடுவில் வரும் 'ந' பழைய வேற்றுமை உருபாம், நம்ம 'இன்' மாதிரி. ஆறாம் மாதமான மினாசுகியும் அப்படித்தான்: மழைக்காலத்தில் 'நீர் இல்லாத மாதம்' என்று எழுதுகிறார்கள்!)

அகராதியில் கன்னாசுகி என்றால் அக்டோபர் என்று இருந்தது. 2024 அக்டோபர் முதல் வாரம், மனைவியோடு போய் இறங்கினேன். கடற்கரையில் தீ மூட்டிக் கடவுள்களை வரவேற்பதைப் பார்க்கணும் என்பது அவளுடைய பல வருட ஆசை. லாட்ஜ் கதவுகள் சாத்தியிருந்தன. மேப்பிள் மரங்கள் பச்சைப் பசேல். சோபா நூடுல்ஸ் கடை அம்மா காலண்டரைத் திருப்பி, அடுத்த மாதம் 10-ஆம் தேதியில் விரலை வைத்தார். என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டம்.

நடந்தது இதுதான். 1873 ஜனவரி 1 முதல் ஜப்பான் சூரியக் காலண்டருக்கு மாறியது. பழைய மாதப் பெயர்களைப் புது மாதங்களின் மேல் அப்படியே ஒட்டிவிட்டார்கள். கோயில் மட்டும் பழைய சந்திரக் கணக்கிலேயே நிற்கிறது: பத்தாம் மாதம், பத்தாம் நாள் மாலை, இனாசா கடற்கரை. நம்ம பாஷையில், ஏறக்குறைய வளர்பிறை தசமி. அடுத்த ஒரு வாரம் கடவுள்களின் கூட்டம். ஆட்டம், பாட்டு, கட்டட வேலை எல்லாம் நிறுத்தி ஊரே சத்தம் குறைத்து இருப்பது பழைய வழக்கம்.

ஊர் திரும்பியதும் ஃபார்முலா ஒன்று போட்டேன்: தீபாவளி + 10. 2024-ல் அக்டோபர் 31 + 10 = நவம்பர் 10. கச்சிதம். 2025-ல் உடைந்தது: அக்டோபர் 30 வரணும், ஆனால் விழா நவம்பர் 29. காரணம் அதிக மாதம். அவர்கள் கணக்கில் அது 2025 நடுவிலேயே வந்துவிட்டது, நமக்கு 2026-ல்தான்.

அந்தப் பயணத்தைக் காப்பாற்றியது யசுகியில் உள்ள அடாச்சி கலைக்கூடம் (1970). அதன் தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாது. கண்ணாடி ஜன்னல் வழியாகத்தான் பார்க்கணும். வெள்ளை மணல், பைன் மரங்கள், பின்னால் நிஜ மலையையும் சேர்த்து ஒரே படம். பைனுக்கு அக்டோபர், நவம்பர் எல்லாம் ஒன்றுதான். அவள் ஒரு ஜன்னல் முன்னால் அரை மணி நேரம் நின்றாள். இலைச் சிவப்பு வேண்டுமானால் நவம்பர் நடுவிலிருந்து கடைசிக்குள் போங்கள். இசுமோவிலேயே உள்ள ககுஎன்ஜி கோயில் மேப்பிளுக்குப் பேர்போனது.

2026-ல் இரண்டு கணக்கும் மறுபடி சேர்கிறது. தீபாவளி நவம்பர் 8, விழா நவம்பர் 18. லீவு எழுதிக் கொடுத்தாச்சு. இந்தத் தடவை டிக்கெட் போடப்போவது அவள்.