தொலைமுனையச் செய்தியோட்டமும் இடைத்தேக்கமும்

கணிப்பொறி வெளியிடும் செய்திகளைக் கம்பி வழியே தொலைமுனையத்திற்கு அனுப்புகையில், அனுப்பும் வேகமும் ஏற்கும் வேகமும் எப்போதும் ஒத்திருப்பதில்லை. நொடிக்கு 9600 பிட்டு வேகத்தில், தொடக்க, முடிவுப் பிட்டுகளும் சேர்ந்து பைட்டு ஒன்றுக்கு 10 பிட்டுகள் ஆவதால், 960 பைட்டுகளே செல்லும். ஏற்கும் கருவி வேறு பணியில் இருக்கும்பொழுது வருவனவற்றை இடைத்தேக்கம் தாங்கிக்கொள்கிறது. 16550ஏ என்னும் தொடர்வழிச் சில்லில் இதன் அளவு 16 பைட்டுகளே. யுடிஎஃப்-8 குறிமுறையில் 'தமிழ்' என்னும் ஒரு சொல்லே 15 பைட்டுகள் கொள்ளும்! அதில் ஒரு பைட்டு சிந்தினாலும் எழுத்துச் சிதையும்.

தேக்கம் எத்துணைப் பெரிதாயினும் நீடித்த வேக வேறுபாட்டை ஈடுசெய்யாது. எனவே அனுப்புவதை நிறுத்தச் சொல்லும் குறிப்பு வேண்டும். ஆஸ்கியில் 19ஆம் குறி நிறுத்தத்தையும் 17ஆம் குறி தொடர்ச்சியையும் உணர்த்தும். 1963இல் வெளிவந்த டெலிடைப் மாதிரி 33இல் துளைநாடாப் படிப்பானை இயக்கியவையும் இவையே. கம்பியில் ஏற்கெனவே புறப்பட்டுவிட்ட பைட்டுகளுக்கும் இடம் வேண்டுமாதலின், தேக்கம் நிரம்புமுன்னரே நிறுத்தக்குறி அனுப்பப்படுகிறது.

பேச்சும் பேச்சை நெறிப்படுத்தும் குறிப்பும் ஒரே குறித்தொகுதியைச் சார்ந்திருப்பது மொழியியலார் கருதத்தக்கது. செய்தியிலேயே 19 இடம்பெறின் அது கட்டளையாகக் கொள்ளப்படும். யுடிஎஃப்-8இல் தமிழ்ப் பைட்டுகள் அனைத்தும் 127க்கு மேற்பட்டவையாதலின் இம்மயக்கம் நேர்வதில்லை. எனினும் தொடர்ச்சிக்குறி வழியில் தொலைந்தால் முனையம் ஊமையாகிவிடும்.

அனுப்பும் நிரலிடத்தும் ஒரு தேக்கம் உண்டு. நிரல் நிலைகுலைந்தால் அதில் தங்கிய இறுதி வரிகள் வெளிவராமலே அழியும். பழுதின் காரணம் பெரும்பாலும் அவ்வரிகளில்தான் இருக்கும். யூனிக்சு இயக்கமுறையில் பிழைச்செய்திகள் தேக்கி வைக்கப்படாமல் உடனுக்குடன் எழுதப்படுவது இதனாலேயே.