வெயிலோடு மல்லுக்கட்ட வேண்டாம்!

ஞாயிற்றுக்கிழமை ஜூரோங் பக்கம் போனவர்கள் கவனித்திருப்பார்கள். ஆறு நாள் கப்பல் பட்டறையிலும் கட்டுமானத் தளத்திலும் உழைத்த நம் பிள்ளைகள், கிடைத்த ஒரு நாள் ஓய்வில் மட்டையும் பந்துமாகத் திடலில் நிற்கிறார்கள். உச்சி வெயில் மண்டையைப் பிளக்கிறது. "ஊர்லே நாங்க பாக்காத வெயிலா?" என்கிறார்கள். தோட்டத்துத் திடலிலும் இதே பேச்சுத்தான்!

விளையாட வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ஊர் வெயில் வேறு, இந்த வெயில் வேறு. சிங்கப்பூரில் பதிவான அதிகச் சூடு 37 டிகிரி. 1983 ஏப்ரல் 17இல் ஜூரோங்கை அடுத்த தெங்காவிலும், 2023 மே 13இல் அங் மோ கியோவிலும் அந்த அளவு பதிவாயிற்று. வேலூர்க்காரர் இதைக் கேட்டால் சிரிப்பார். அங்கே வேர்வை சட்டெனக் காயும். காயும்போது உடம்புச் சூட்டையும் கூடவே எடுத்துக்கொண்டு போகும். சிங்கப்பூரிலும் ஜோகூரிலும் காற்றே ஈரம். வேர்வை வழியும், சட்டை நனையும், ஆனால் காயாது. தண்ணீர் போனதுதான் மிச்சம், உடம்பு குளிராது.

ஆகவே அங்கே வேலைத்தளங்களில் வெறும் வெப்பமானியை நம்புவதில்லை. சாதாரண வெப்பமானி ஒன்று, ஈரத்துணி சுற்றியது ஒன்று, கறுப்புப் பந்துக்குள் வைத்தது ஒன்று. மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டால் காற்று, ஈரம், வெயில் எல்லாமாக உடம்பை எவ்வளவு வாட்டுகின்றன என்று தெரிந்துவிடும். 2023 அக்டோபரில் சிங்கப்பூர் மனிதவள அமைச்சு வைத்த ஏற்பாடு இதைக் கொண்டுதான். இந்த அளவு 32 டிகிரியைத் தொட்டால், கடும் உடலுழைப்புச் செய்பவருக்கு மணிக்கு 10 நிமிடமாவது நிழலில் ஓய்வு தரவேண்டும். 33ஐத் தொட்டால் 15 நிமிடம். மணிக்கு ஒருமுறையாவது தண்ணீர். புதிதாக வந்தவருக்கும் நீண்ட விடுப்பு முடிந்து திரும்பியவருக்கும் வேலையைப் படிப்படியாகத்தான் கூட்டவேண்டும். வெயிலுக்குப் பழக உடம்புக்கு ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். பழகிய பின் வேர்வை சீக்கிரம் சுரக்கும், அதில் உப்பும் குறையும். சில வாரம் வெயிலை விட்டுவிட்டால் அந்தப் பழக்கமும் போய்விடும்.

பால்வெட்டுக்கு இருட்டோடு பெரட்டுக்குப் போன நம் பாட்டன்மார் இந்த விஷயத்தில் ஓரளவு தப்பித்தார்கள். பால் நன்றாக வடிவது விடியற்காலையில் என்பதால், உச்சி வெயிலுக்கு முன் வெட்டு முடிந்துவிடும். செம்பனைக்கு அப்படி இல்லை. குலைக்கணக்கில் கூலி என்றால், பத்து நிமிடம் உட்காருவது கைக்காசை விடுவது போலத்தான். ஓய்வு நேரத்துக்கும் கூலி உண்டு என்று எழுத்தில் இல்லாதவரை எவன் உட்காருவான்?

உடம்புக்கு வேலை, விளையாட்டு என்ற பேதம் தெரியாது. தசை அசைந்தால் சூடு உண்டாகும், அவ்வளவுதான். வெயில் ஏறாத வேளையிலும் ஆபத்து உண்டு. 2018 ஏப்ரலில் சிங்கப்பூரின் பிடோக் ராணுவ முகாமில், காலை வேளையில் 8 கிலோமீட்டர் வேகநடை முடித்த 19 வயது வீரர் ஒருவர் வெப்பத் தாக்கத்துக்கு ஆளாகி, அந்த மாதக் கடைசியில் இறந்தார். அதை விசாரித்த குழு சொன்னது கவனிக்கத்தக்கது: அவருக்கு அலுப்பு சேர்ந்திருந்தது, சமீபத்தில் சளிக்காய்ச்சல் வகை நோய் கண்டிருந்தது, விழுந்த இடத்தில் உடம்பைக் குளிர்விப்பது போதவில்லை, மருத்துவ உதவிக்குக் கொண்டுபோகவும் தாமதம்.

காய்ச்சல், வயிற்றுப்போக்கு கண்டு எழுந்தவன், முதல்நாள் இரவு தண்ணி போட்டவன், இரவு வேலை முடித்துத் தூங்காதவன் எல்லாரும் அன்றைக்குத் திடலின் ஓரத்தில் உட்கார்ந்து கைதட்டட்டும். மற்றவர்கள் வெயில் தாழ்ந்தபின் இறங்கலாம். சிங்கப்பூரில் உள்ளவர்கள் 'மைஎன்வி' செயலியில் அந்தந்த வட்டாரத்தின் வெப்ப அளவைப் பார்த்துக்கொள்ளலாம். 33ஐத் தாண்டியிருந்தால் பந்தை மூட்டை கட்டிவிடுங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் குடியுங்கள். சிறுநீர் மஞ்சளித்தால் தண்ணீர் போதவில்லை என்று பொருள். உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீரும் மோரும் விலை கூடிய பாட்டில் பானத்துக்குக் குறைந்தவை அல்ல.

ஆடிக்கொண்டிருப்பவன் உளறினால், தள்ளாடினால், காரணமில்லாமல் கோபப்பட்டால் "பய நடிக்கிறான்" என்று சிரிக்கக் கூடாது. மூளையைச் சூடு தாக்கியதன் அடையாளம் அது. வேர்வை வழிந்துகொண்டே இருந்தாலும் அது வெப்பத் தாக்கமாக இருக்கலாம். நிழலுக்குத் தூக்கி, சட்டையைக் கழற்றி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஐஸ் கிடைத்தால் கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் வையுங்கள். நினைவு தப்பியவன் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருவர் இதைச் செய்யும்போதே இன்னொருவர் ஆம்புலன்ஸை அழைக்கட்டும்: சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999. வண்டி வந்து சேரும்வரை தண்ணீர் ஊற்றுவதை நிறுத்த வேண்டாம்.