அம்மாவை முதுகில் சுமந்த மகன்... ஒரு மலை விடுதியின் கதை!

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் இருக்கிறது லெ கான்ட் மலை. உயரம் 6,593 அடி. உச்சிக்குப் பக்கத்திலேயே ஒரு விடுதி. சாலை கிடையாது, கரன்ட் கிடையாது. எந்தப் பாதையில் போனாலும் குறைந்தது எட்டு கிலோமீட்டர் நடந்துதான் ஏற வேண்டும். இரவானால் மண்ணெண்ணெய் விளக்குதான்.

1925-ல் இங்கே இருந்தது வெறும் கூடாரம். இந்த மலைகளைத் தேசியப் பூங்காவாக்கப் பாடுபட்டவர்கள், முக்கியஸ்தர்களை அழைத்துவந்து காட்டுவதற்காகப் போட்டது. அதைப் பார்த்துக்கொண்ட பால் ஆடம்ஸுக்குக் கீழேயிருந்து சாமான் சுமந்து வந்தது யார் தெரியுமா? அவருடைய நாய், ஸ்மோக்கி ஜாக்!

அடுத்த வருடம் பொறுப்பேற்ற ஜாக் ஹஃப்தான் மரக் குடில்களைக் கட்டினார். மகன் கட்டியதைப் பார்க்க அம்மாவுக்கு ஆசை. ஆனால், மலை ஏற உடம்பில் தெம்பில்லை. ஜாக் ஒரு மர நாற்காலியை முதுகில் கட்டிக்கொண்டார். வந்த வழியைப் பார்த்தபடி அம்மா அதில் உட்கார்ந்துகொள்ள, சுமந்தே உச்சிக்குக் கொண்டுபோய்விட்டார். 1934-ல் ஜாக்கின் கல்யாணம் நடந்ததும் இதே மலையில்தான், சூரியன் உதிக்கிற நேரத்தில். 1960 வரை கணவனும் மனைவியுமாக விடுதியை நடத்தினார்கள்.

இப்போது சாமான் சுமப்பது லாமாக்கள். வாரத்துக்கு மூன்று நடை. ஏறும்போது சாப்பாட்டுச் சாமான், துவைத்த துணி. இறங்கும்போது அழுக்கு மூட்டை!