பணம் ஊரிலேயே இருக்கிறது, பஸ்தான் இல்லை: உத்திரமேரூரின் போக்குவரத்துக் கணக்கு

பாரிஸுக்குத் தென்கிழக்கே சுமார் 80 கிலோமீட்டரில் ப்ரொவேன் என்றொரு சிற்றூர் இருக்கிறது. மக்கள்தொகை ஏறத்தாழ 12,000. இடைக்காலத்துக் கோட்டைச்சுவர்களுக்காக 2001இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. அங்கிருந்து பாரிஸ் நடுநகருக்கு நேரடி ரயில் ஓடுகிறது. 2025 ஜனவரியில் புதுக் கட்டணம் வந்தபோது டிக்கெட் விலை 2.50 யூரோ. அந்த ஆண்டு பிரான்சில் குறைந்தபட்சக் கூலி, பிடித்தம் போகக் கையில் கிடைப்பது, மணிக்குச் சுமார் 9.40 யூரோ. கடைநிலைக் கூலிக்காரர் 16 நிமிடம் வேலை செய்தால் தலைநகருக்குப் போய்ச் சேரலாம்.

சென்னைக்குத் தென்மேற்கே சுமார் 90 கிலோமீட்டரில் உத்திரமேரூர். 2011 கணக்கெடுப்பில் பேரூராட்சியின் மக்கள்தொகை சுமார் 25,000, ப்ரொவேனைப் போல இரண்டு மடங்கு. ரயில் நிலையம் இல்லை. தமிழக அரசு 2018 ஜனவரி இறுதியில் திருத்தி அறிவித்த சாதாரண ரூட் பஸ் கட்டணம் கிலோமீட்டருக்கு 58 பைசா. 90 கிலோமீட்டருக்கு 52 ரூபாய் 20 பைசா. நூறு நாள் வேலைக்கு 2025-26இல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த கூலி நாளுக்கு 336 ரூபாய். எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 42. சென்னைக்கு ஒரு வழிப் பயணத்துக்கு 75 நிமிட வேலை. 30 கிலோமீட்டரில் இருக்கும் காஞ்சிபுரத்துக்கே 17 ரூபாய் 40 பைசா, அதாவது 25 நிமிட வேலை.

யூரோவை ரூபாயாக மாற்றி ஒப்பிட்டால் பாரிஸ் டிக்கெட் நமக்கு 250 ரூபாயாகத் தெரியும்; நம் பஸ் மலிவு என்று முடிவுகட்டிவிடுவோம். வேலை செய்த நிமிடங்களால் அளந்தால்தான் உண்மை விலை தெரிகிறது. அதனால் இந்தக் கட்டுரையில் முடிந்தவரை அந்த அளவையே பயன்படுத்துகிறேன்.

பெண்களுக்குக் கணக்கு வேறு. 2021 மே 7 அன்று கையெழுத்தான அரசாணையால் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் அவர்களுக்கு டிக்கெட் இல்லை. மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வை மேற்கோள் காட்டி அரசு சொல்லும் சேமிப்பு, ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரி 888 ரூபாய். ஆண்டுக்கு 10,656. நூறு நாள் வேலைக் கூலியில் சொன்னால் ஏறக்குறைய 32 நாள் கூலி. 2025-26 நிதிநிலை அறிக்கையில் இதற்கு ஒதுக்கியது 3,600 கோடி ரூபாய். நாளுக்கு 50 லட்சத்துக்கும் மேற்பட்ட பயணங்கள் நடப்பதால், ஒரு பயணத்துக்கு அரசு கொடுப்பது 20 ரூபாய்க்குள் அடங்குகிறது. நான் பார்த்தவரையில் தமிழ்நாட்டில் இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பேர் கையில் நேராகப் போய்ச் சேர்ந்த திட்டங்கள் மிகச் சில.

ஆனால் இலவசம் டவுன் பஸ்ஸுக்கு மட்டும்தான். ரூட் பஸ் முன்னால் வந்து நின்றாலும் ஏறாமல், பின்னால் வரப்போகும் டவுன் பஸ்ஸுக்காகப் பெண்கள் நிற்கிறார்கள். காஞ்சிபுரம் போக 17 ரூபாய் 40 பைசாவை மிச்சம்பிடிக்க ஒரு மணி நேரம் நின்றால், கூலிக் கணக்கில் 42 ரூபாய் பெறும் நேரம் போய்விடுகிறது. 25 நிமிடத்துக்குள் டவுன் பஸ் வந்தால்தான் இலவசம் லாபம். அதற்கு மேல் ஒவ்வொரு நிமிடமும் 70 பைசா கையிலிருந்து போகிறது. 888 ரூபாய்ச் சேமிப்பில் இந்தக் காத்திருப்பைக் கழித்தால் எவ்வளவு மிஞ்சும் என்பது, பஸ் எத்தனை நிமிடத்துக்கு ஒன்று வருகிறது என்பதைப் பொறுத்தது. பக்கத்துச் சாலவாக்கத்திலோ மானாம்பதியிலோ இருக்கும் ஒரு பெண்ணுக்கு டிக்கெட் விலை ஏற்கனவே பூஜ்யம். அவருக்கு வேண்டியது இன்னும் இரண்டு டிரிப்.

சாலவாக்கம் பக்கத்திலிருந்து ஒருவர் காரப்பேட்டை அண்ணா புற்றுநோய் மருத்துவமனைக்கு உத்திரமேரூர் வழியாக வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். உத்திரமேரூருக்கு ஒரு பஸ், காஞ்சிபுரத்துக்கு ஒன்று, அங்கிருந்து காரப்பேட்டைக்கு இன்னொன்று. ஒவ்வொன்றிலும் ஆண்களுக்குப் புதிதாக டிக்கெட். லண்டனில் 2018 முதல், முதல் பஸ்ஸில் ஏறிய ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறினாலும் ஒரே கட்டணம். 2025இல் அது 1.75 பவுண்டு. இங்கே காசைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. காலை முதல் பஸ் வராவிட்டால் புறநோயாளிச் சீட்டு வாங்கும் நேரம் தப்பிவிடும். மறுநாள் மறுபடி வர வேண்டும். நோயாளியும் கூட வருபவரும் இழக்கும் ஒருநாள் கூலி 672 ரூபாய். ஒரு டிரிப் ரத்தானால் பணிமனையின் கணக்கில் டீசல் மிச்சம் என்று பதிவாகும். இந்த 672 எங்கும் பதிவாகாது.

டிரிப் ஏன் ரத்தாகிறது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. அதைப் பார்க்காமல் டிரைவரையும் கண்டக்டரையும் திட்டுவது நியாயமில்லை. பஸ் லிட்டருக்கு ஐந்தரை கிலோமீட்டர் ஓடுகிறது என்று கொள்வோம். 2025இல் சென்னையில் டீசல் லிட்டர் 92 ரூபாயைத் தாண்டி நின்றது. கிலோமீட்டருக்கு டீசல் மட்டும் 16 ரூபாய் 70 பைசா. ஆள் ஒன்றுக்கு 58 பைசா வரவு. டீசலுக்கே 29 பேர் முழு டிக்கெட் வாங்கி, முதல் நிறுத்தத்திலிருந்து கடைசி நிறுத்தம்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். சம்பளம், டயர், உதிரிபாகம், வண்டியின் தேய்மானம் எல்லாம் அதற்கு மேல். கட்டணத்தை நிர்ணயித்த 2018 ஜனவரியில் டீசல் 66 ரூபாயை ஒட்டி இருந்தது. அப்போது 21 பேர் போதும். ஏழு ஆண்டுகளில் ஒரு டிரிப் டீசல் செலவையாவது ஈடுகட்ட எட்டுப் பேர் கூடுதலாக வேண்டியதாகிவிட்டது. மதியம் பெருநகர் கிராமத்துப் பக்கம் போகும் பஸ்ஸில் 29 பேர் இருப்பார்களா? கலெக்‌ஷன் குறைவு என்று முதலில் வெட்டப்படுவது அந்த டிரிப்தான். வெட்டியதும் நம்பிக்கை போகிறது. நம்பிக்கை போனதும் இருக்கிற ஆளும் பைக் வாங்குகிறார்.

இந்தக் கட்டுரையில் நான் அதிகம் நின்று பார்க்க விரும்புவது அந்த பைக்கைத்தான்.

ஒரு வழிக்கு 30 கிலோமீட்டர் போய்வந்து, மாதம் 25 நாள் வேலைக்குப் போகும் ஒருவர். மாதம் 1,500 கிலோமீட்டர். நூறு சிசி வண்டி லிட்டருக்கு 60 தரும் என்றால் 25 லிட்டர் பெட்ரோல். லிட்டர் 101 ரூபாய் வீதம் 2,525. வண்டித் தவணை 3,000 என்று வைப்போம். ஆயில், டயர், இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்து மாதத்துக்கு 500. மொத்தம் 6,025 ரூபாய். அதே 1,500 கிலோமீட்டரை 58 பைசா வீதம் பஸ்ஸில் போனால் 870. சம்பளம் 18,000 என்றால் பைக்குக்குப் போவது மூன்றில் ஒரு பங்கு. பஸ்ஸுக்குப் போயிருக்கக்கூடியது நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. வித்தியாசம் மாதம் 5,155 ரூபாய். நேரத்துக்கு வரும் பஸ் இல்லாததற்கு அந்தக் குடும்பம் கட்டும் வரி இது. எந்தச் சட்டமும் விதிக்கவில்லை, எந்த ரசீதும் கிடையாது, ஆனால் மாதம் தவறாமல் வசூலாகிறது.

இப்படி ஆயிரம் பைக் என்று கொள்ளுங்கள். ஒரு தாலுகாவுக்கு இது பெரிய எண்ணிக்கை இல்லை. அந்த ஆயிரம் பேர் கூடுதலாகச் செலவிடுவது மாதம் 51 லட்சத்து 55 ஆயிரம். பஸ்ஸை எல்லாச் செலவும் சேர்த்துக் கிலோமீட்டருக்கு 100 ரூபாயில் ஓட்டலாம் என்று வைத்தால், 51,550 கிலோமீட்டர் ஓட்டப் போதும். காஞ்சிபுரம் போய்வர 60 கிலோமீட்டர். மாதம் 859 நடை, நாளுக்கு 28. காலை ஐந்து மணிக்குத் தொடங்கி அரை மணிக்கு ஒன்று விட்டால் மாலை ஆறரை வரை பஸ் இருக்கும். நாள் முழுவதும் சேர்த்துப் பார்த்தால் ஆயிரம் பேருக்கும் உட்கார இடம் இருக்கும், மற்றவர்களுக்கும் இருக்கும். மாவட்டத்தில் பஸ் ஓட்டப் பணம் இல்லை என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கை நீட்டலாம். பணம் இருக்கிறது. ஆயிரம் பெட்ரோல் டேங்குகளிலும் ஆயிரம் தவணைப் புத்தகங்களிலும் சிதறிக் கிடக்கிறது.

ரூபாயில் எழுத முடியாத செலவும் ஒன்று உண்டு. மத்திய அரசின் அறிக்கைப்படி 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் நூற்றுக்கு 44.5 பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். தமிழ்நாட்டில் மட்டும் அந்த ஆண்டு 17,884 உயிர்கள். கல்குவாரி லாரிகள் ஓடும் சாலவாக்கம் சாலையில், இரவு ஷிப்ட் முடிந்து தூக்கக் கலக்கத்தோடு பைக்கில் வரும் இருபத்திரண்டு வயதுப் பையனைப் பற்றித்தான் இந்த எண்கள் பேசுகின்றன.

ஷிப்ட் என்றதும் கம்பெனி பஸ் நினைவுக்கு வரும். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றும் பஸ்கள் இந்த மாவட்டத்துக் கிராமச் சாலைகளில் விடியலிலும் நள்ளிரவிலும் ஓடுகின்றன. அரசு பஸ் எட்டிப் பார்க்காத நேரத்தில், அரசு பஸ் போகாத ஊர்களுக்கும் போகின்றன. அடையாள அட்டை இருப்பவருக்கு மட்டும் கதவு திறக்கும். அதே நிறுத்தத்தில் நிற்கும் கல்லூரி மாணவிக்கும் மருத்துவமனைக்குப் போகும் பெரியவருக்கும் இடமில்லை. திரும்பும்போது காலி இருக்கைகளோடு ஓடினாலும் இடமில்லை.

பிரான்சில் இதை 1971இலேயே வேறு வழியில் தீர்த்தார்கள். பாரிஸ் வட்டாரத்தில் 11 பேரையோ அதற்கு மேலோ வேலைக்கு வைத்திருக்கும் ஒவ்வொரு நிறுவனமும், தான் கொடுக்கும் சம்பளத் தொகையில் ஒரு விகிதத்தைப் பொதுப் போக்குவரத்துக்குக் கட்ட வேண்டும். பாரிஸ் நடுநகரில் 2024 முதல் அது 3.20 சதவீதம், வெளிவட்டத்தில் அதில் பாதி, 1.6 சதவீதம். டிக்கெட் வரவைவிட இந்த வரவு பெரியது. தொழிலாளியின் மாத பாஸில் பாதியையும் முதலாளி திருப்பித் தர வேண்டும். 2025இல் எல்லா மண்டலத்துக்குமான நவிகோ மாத பாஸ் 88.80 யூரோ, பாதி போக 44.40. குறைந்தபட்சச் சம்பளக்காரரின் கைக்கு வரும் மாத ஊதியத்தில் ஏறத்தாழ மூன்று சதவீதம். பாரிஸ் வட்டாரம் 12,000 சதுர கிலோமீட்டர், 1 கோடியே 20 லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள். ப்ரொவேன்காரருக்கும் பாரிஸ்காரருக்கும் ஒரே விலை. வியன்னாவிலும் இதுபோல, முதலாளிகள் கட்டும் கட்டணத்தை 2012இல் ஒவ்வொரு தொழிலாளிக்கும் வாரம் 2 யூரோவாக உயர்த்தினார்கள். அதே ஆண்டில்தான் ஆண்டு டிக்கெட்டை 449 யூரோவிலிருந்து 365க்கு இறக்கினார்கள். நாளுக்கு ஒரு யூரோ. 2026இல் அது 467 ஆகிவிட்டது. அப்படியும் நாளுக்கு 1.28 யூரோதான்.

நம் ஊருக்கு அந்த 1.6 சதவீதத்தைப் பொருத்திப் பார்க்கலாம். 5,000 பேர், சராசரிச் சம்பளம் 20,000 என்று ஒரு தொழிற்சாலையைக் கொள்வோம். மாதச் சம்பளப் பட்டியல் 10 கோடி. 1.6 சதவீதம் 16 லட்சம். முன்போலவே கிலோமீட்டருக்கு 100 ரூபாய் என்றால் 16,000 கிலோமீட்டர். 60 கிலோமீட்டர் நடையாக 266, நாளுக்கு ஒன்பதுக்குச் சற்றுக் குறைவு. ஒரே ஒரு தொழிற்சாலையின் பங்கிலிருந்து இவ்வளவு. அட்டை இருப்பவரும் இல்லாதவரும் ஏறலாம்.

பஸ் எண்ணிக்கையையும் சொல்லிவிடுகிறேன். தமிழக அரசின் எட்டுக் கழகங்களிலும் சேர்த்துச் சுமார் 20,000 பஸ்கள். 2011இன் 7.21 கோடி மக்களுக்கு லட்சம் பேருக்கு 28. லண்டனில் சுமார் 8,700. லட்சம் பேருக்கு ஏறக்குறைய 98, சுரங்க ரயில் தனி. நம் எண்ணிக்கையில் தனியார் பஸ்களைச் சேர்த்தாலும் இடைவெளி பெரிதாகக் குறையாது.

எல்லைக் கோடும் ஒரு கணக்குதான். 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகரை 8,878 ஆக விரிக்க 2018இல் அரசாணை வந்தது. அன்றைய காஞ்சிபுரம் மாவட்டம் முழுவதும், உத்திரமேரூரும், அதற்குள் இருந்தது. 2022 அக்டோபரில் அது 5,904 ஆகச் சுருங்கியது. 2025 செப்டம்பரில் வந்த ‘சென்னை ஒன்று’ செயலி மாநகர பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றையும் ஒரே டிக்கெட்டில் சேர்த்தது. நல்ல வேலை. புறநகர் ரயில் செங்கல்பட்டுவரை வருகிறது. உத்திரமேரூரிலிருந்து அங்கே போய்ச் சேரும் சுமார் 30 கிலோமீட்டர்தான் மிச்சம். 2025 ஜூனில் தொடங்கிய புதிய மினி பஸ் திட்டத்தில் ஒரு தடம் 25 கிலோமீட்டர்வரை போகலாம். அதில் 65 சதவீதமாவது இதுவரை பஸ் போகாத சாலையாக இருக்க வேண்டும். உள்கிராமங்களுக்கு இது உதவும். ஆனால் மினி பஸ் கொண்டுவந்து விடும் இடத்தில் பெரிய பஸ் அப்போதுதான் கிளம்பிப் போயிருந்தால் பயனில்லை. இரண்டின் நேரத்தையும் சேர்த்துப் பார்க்க ஓர் ஆள் வேண்டும்.

ஐரோப்பியப் பெருநகரப் போக்குவரத்து ஆணையங்கள் 1998இல் ஒரு சங்கம் அமைத்தன. இத்தனை மக்கள், இத்தனை பயணம், இத்தனை கட்டணம், செலவில் டிக்கெட் ஈடுகட்டுவது எவ்வளவு என்று நகரங்களை அருகருகே வைத்து அட்டவணை வெளியிடுகிறது. நமக்கு அந்தப் பழக்கம் புதிதல்ல. பராந்தக சோழன் காலத்தில், 919இலும் 921இலும், உத்திரமேரூர்ச் சபையார் வெட்டிய கல்வெட்டுகளில் வாரியப் பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய நெருங்கிய உறவினருக்கும் குடவோலைத் தேர்தலில் இடமில்லை.

உத்திரமேரூர் ஒன்றியத்தில் 73 ஊராட்சிகள். ஒவ்வொன்றுக்கும் முதல் பஸ் எத்தனை மணிக்கு, கடைசி பஸ் எத்தனை மணிக்கு, அட்டவணையில் எத்தனை டிரிப், அதில் ஓடியது எத்தனை என்று நான்கு கலம் போட்டால் போதும். பஸ் நிறுத்தத்தில் கடை வைத்திருப்பவர், பள்ளிக்குப் போகும் பிள்ளை, மகளிர் குழுவில் ஒருவர் என யார் வேண்டுமானாலும் ஒரு மாதம் எழுதலாம். கம்பெனி பஸ் எத்தனை போயிற்று என்று ஐந்தாவது கலமும் போடலாம். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் கூடுகின்றன. அடுத்து வரும் சபையில் அந்த நோட்டை வாசித்து, தீர்மானத்தோடு இணைத்து, மாவட்ட ஆட்சியருக்கும் பணிமனைக்கும் ஒரு பிரதி அனுப்பலாம்.