ஒற்றைக் காம்பராவும் இரவு ரயிலும்: ஊவாத் தோட்டங்களில் இளந்தம்பதியர் வாழ்வு

இலங்கையின் ஊவா மாகாணத்தில் பதுளை நகரைச் சுற்றிப் பசறை, லுணுகலை, மடுல்சீமை, ஹாலிஎல, தெமோதரை, பண்டாரவளை, அப்புத்தளை எனப் பரந்து கிடக்கும் தேயிலைத் தோட்டங்களில் புதிதாக மணமுடிக்கும் இருவரின் இல்லறம் அவர்களுடைய விருப்பத்தால் மட்டும் அமைவதன்று. தோட்டத்தின் பதிவேட்டில் யாருடைய பெயர் இருக்கிறது, எந்த லயத்தில் இடம் கிடைக்கிறது, ஆண்டில் எத்தனை நாள் இருவரும் ஒன்றாக இருக்க வாய்க்கிறது என்பவையே அதன் வடிவத்தைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. அதனால் இம்மக்களின் குடும்ப வாழ்வை விளங்கிக்கொள்ள விரும்புவோர் அவர்களின் வீட்டையும் பண்டிகைகளையும் பயணங்களையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

லயம் என்பது நீண்ட ஒரே கூரையின் கீழ் அடுத்தடுத்துச் சுவர் பகிர்ந்து நிற்கும் அறைகளின் வரிசை. அதன் ஓர் அறை காம்பரா எனப்படும். அறைக்கு முன்னுள்ள திண்ணை போன்ற சிறு தாழ்வாரத்துக்கு இஸ்தோப்பு என்று பெயர். பத்துக்குப் பன்னிரண்டு அடி அளவில் வெள்ளையர் காலத்தில் கட்டப்பட்ட காம்பராக்கள் பல இன்றும் குடியிருப்புகளாகவே உள்ளன. வீட்டின் மூத்த மகனுக்குத் திருமணம் நடக்கும்போது பெற்றோரும் தம்பி தங்கையரும் இஸ்தோப்புக்கு நகர்ந்து காம்பராவைப் புதுத்தம்பதிக்கு விட்டுக்கொடுப்பதும், இரண்டாவது மகனின் முறை வரும்போது அந்த ஏற்பாடு உடைந்து, பழைய சேலையால் ஒரு மறைப்பும் தகரத்தால் ஒரு குசினியும் முளைப்பதும் பலகாலமாகத் தொடரும் வழக்கம். கொல்லைப்புறத்தில் தகரமும் பலகையும் கொண்டு எழுப்பிய குடிலில் முதல் சில ஆண்டுகளைக் கழிக்கும் தம்பதியரும் உண்டு. நடுச்சுவர் பல லயங்களில் கூரைவரை எட்டாததால் அடுத்த வீட்டுக் குழந்தையின் இருமல் முதல் கணவன் மனைவியின் தாழ்ந்த பேச்சு வரை சுவர் தாண்டிப் போகும். ஹாலிஎலப் பகுதியில் பிறந்து, தாம் ஆசிரியராகப் பணியாற்றிய தெளிவத்தைத் தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு இணைத்துக்கொண்ட எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப், ‘மீன்கள்’ என்ற சிறுகதையில் இந்த நெருக்கடியையே கருவாக எடுத்துக்கொண்டார். ஒரு குடும்பத்தின் அந்தரங்கத்துக்கு இடமில்லாமை எவ்வளவு பெரிய அவமதிப்பு என்பதை அறிக்கைகளைவிட ஆழமாகப் பதிவுசெய்த எழுத்து அது.

திருமணம் முடிந்த பெண் பொதுவாகக் கணவனின் தோட்டத்துக்கு வருகிறாள். அங்கே அவள் பெயர் பதியப்பட்டால்தான் கொழுந்து பறிக்கும் வேலை கிடைக்கும். அதற்குச் சில வேளை பல மாதங்கள் காத்திருக்கவும் நேரும். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போவதே முன்பு பெரும்பாடாக இருந்தது. தொழிலாளியின் கடன் தொகையைக் குறித்து, அதைச் செலுத்தினால் அவனை விடுவிப்பதாக எழுதிக் கொடுக்கப்பட்ட ‘துண்டு’ இல்லாமல் வேறு தோட்டத்தில் வேலை கொடுக்கமாட்டார்கள். அந்த முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டபோதும், தோட்டமே வேலையும் வீடுமாக இருக்கும் அமைப்பு மாறவில்லை.

அன்றாட வாழ்வில் பெண்ணின் நாள் விடியுமுன்னே தொடங்குகிறது. ரொட்டி சுட்டு, சம்பல் அரைத்து, தேத்தண்ணி வைத்து, கைக்குழந்தை இருந்தால் அதைப் பிள்ளைக்காம்பரா எனப்படும் தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில் விட்டுவிட்டு அவள் மலைக்கு ஏறுகிறாள். கவ்வாத்து வெட்டுதல், அதாவது தேயிலைச் செடியைத் தறித்து மட்டப்படுத்துதல், போன்ற அளவு குறித்த வேலைகளைச் செய்யும் ஆண்களால் பிற்பகலின் தொடக்கத்திலேயே வீடு திரும்ப முடிகிறது. கொழுந்து நிறுத்து முடியும் மாலைவரை பெண்கள் மலையிலேயே இருக்க வேண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்பது 1984இல்தான் வந்தது. வீட்டு வேலையில் அத்தகைய சமத்துவம் இன்னும் வரவில்லை என்பதையும், மனைவியின் சம்பளத்தைக் கணவன் போய் வாங்கிவரும் பழக்கம் பல தோட்டங்களில் நெடுங்காலம் நிலவியது என்பதையும் மறைத்துவிட்டு இவ்வில்லறத்தைப் போற்றி எழுதுவது நேர்மையாகாது.

நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாயாகவும் 2024இல் 1,350 ரூபாயாகவும் உயர்ந்தது. அதற்கிடையில் வந்த 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடி அரிசி, மா, பால்மா ஆகியவற்றின் விலையை அதைவிட வேகமாக ஏற்றிவிட்டது. ஆகவே இளம் கணவர்களில் பலர் தோட்டத்தில் பெயர் பதியாமல் கொழும்பின் கடைகளுக்கும் உணவகங்களுக்கும் கட்டட வேலைக்கும் போகிறார்கள். பெண்களிலும் ஒரு பகுதியினர் ஆடைத் தொழிற்சாலைகளுக்கோ மத்திய கிழக்கு நாடுகளின் வீட்டு வேலைக்கோ செல்கின்றனர். அத்தகைய குடும்பங்களில் கணவனும் மனைவியும் ஒரே கூரையின் கீழ் வாழ்வதே விடுமுறையில்தான் நிகழ்கிறது. மற்ற நாட்களில் இல்லறம் கைபேசியில் நடக்கிறது.

பதுளைக்கும் கொழும்புக்கும் இடையே ஏறத்தாழ 290 கிலோமீட்டர் நீளும் மலையக ரயில் பாதை இந்தப் பிரிவுக்கும் கூடலுக்கும் பழைய சாட்சி. கோப்பியையும் பின்னர் தேயிலையையும் துறைமுகத்துக்குக் கொண்டுபோகும் நோக்கத்தோடு மலையேற்றப்பட்ட இப்பாதை 1894இல் பண்டாரவளையையும் 1924இல் பதுளையையும் எட்டியது. அந்தக் கடைசிப் பகுதியில்தான் 1921இல் கட்டி முடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலமும், மலையைச் சுற்றி இறங்கும் பாதை தான் கடந்துவந்த நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்தில் நுழைந்து செல்லும் தெமோதரை வளையமும் உள்ளன. தீபாவளிக்கு முந்திய இரவுகளில் கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து புறப்படும் ரயிலின் மூன்றாம் வகுப்புப் பெட்டியில், பிள்ளைக்கு வாங்கிய உடுப்புப் பையை மடியிலும் மனைவிக்கு வாங்கிய சேலையை அதற்கும் அடியிலும் வைத்துக்கொண்டு, இருக்கை கிடைக்காதவர்கள் வாசற்படிவரை நெருங்கி நிற்பார்கள். ஏறத்தாழ பத்து மணி நேரப் பயணத்தின் பின் அப்புத்தளையிலோ தெமோதரையிலோ இறங்கி, அங்கிருந்து பஸ்ஸிலும் ஓட்டோவிலும் தோட்டத்துக்கு ஏறுவார்கள். அதே பாதையில் பகல் ரயிலின் சன்னலோரம் அமர்ந்து, மலையூரான எல்லவுக்குத் தேனிலவுக்காகவோ சுற்றுலாவாகவோ வரும் தம்பதியரும் பயணிக்கின்றனர். திருமணப் புகைப்படத்துக்காகவே ஒன்பது வளைவுப் பாலத்துக்கு வருவோரும் பலர். அவர்கள் தங்கும் விடுதிகளில் படுக்கை விரித்து, சமைத்து, பாத்திரம் கழுவும் கைகளில் பக்கத்துத் தோட்டங்களைச் சேர்ந்த இளைஞர்களின் கைகளும் உண்டு. அந்த இளைஞர்களிடம் தேனிலவு என்ற சொல்லுக்கு வேலையில்லை. அதன் இடத்தில் இருப்பது விருந்து.

விருந்து என்பது மணமான முதல் மாதங்களில் தம்பதியர் உறவினர் வீடுதோறும் முறைவைத்துப் போய் உண்டு, தங்கி, வேட்டி சேலை பெற்று வருவது. பசறைப் பக்கத்துப் பெண் அப்புத்தளைப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டால் இரு மலைச்சரிவுகளுக்கும் இடையே நடக்கும் இந்தப் போக்குவரவே அவர்கள் சேர்ந்து செய்யும் முதல் பிரயாணமாகிறது. அதன் உச்சம் தலைத்தீபாவளி. பெண்ணின் அண்ணனோ தம்பியோ நேரில் வந்து அழைக்க, தம்பதியர் முதல் நாளே தாய்வீடு சேர்ந்து, விடியற்காலை எண்ணெய் தேய்த்துக் குளித்து, கோயிலுக்குப் போய்வந்து, ஆட்டிறைச்சிக் கறியோடு பகல் உணவு உண்பார்கள். இந்தச் செலவுக்குத் தோட்ட நிர்வாகம் தரும் பணம் தீபாவளி முற்பணம் எனப்படும். அது அன்பளிப்பு அன்று. அடுத்து வரும் மாதங்களின் சம்பளத்திலிருந்து தவணை தவணையாகக் கழிக்கப்படும் கடன். பொங்கல் கழிந்த பின்னும் சம்பளச் சீட்டில் தீபாவளி ஒரு கழிவாக நின்றுகொண்டிருக்கும். ஞாயிறு, போயா (முழுநிலா) நாட்களிலும் கைக்காசு என்ற பெயரில், பறித்த கிலோவுக்கு ஏற்பக் கூலி பெறும் வேலைக்குப் பெண்கள் போவதற்கு இந்தக் கழிவும் ஒரு காரணம்.

ஊவா மக்களுக்கு நெருக்கமான இன்னொரு பயணம் கதிர்காமம். மொனராகலை மாவட்டத்தில், இதே மாகாணத்தின் தென்கோடியில் இருப்பதால் வெல்லவாய, புத்தல வழியாகப் பஸ்ஸில் போய்ச் சேரலாம். லொறியோ வேனோ வாடகைக்குப் பிடித்து லயமே கூட்டாகப் போவதும் உண்டு. வள்ளியை முருகன் கண்டு மணந்த இடம் என்பது கதிர்காமத்தின் தலபுராணம். ஆடித் திருவிழாவின் இரவுகளில் முருகன் சந்நிதியிலிருந்து வள்ளியம்மன் சந்நிதிக்கு ஊர்வலம் போய்வருவதும் அந்தக் கதையின் தொடர்ச்சியே. தினைப்புனம் காத்த மலைப்பெண்ணை இறைவன் தேடிவந்தான் என்ற கதை, மலையிலேயே பிறந்து மலையிலேயே உழைக்கும் பெண்களுக்கு நெருக்கமாக இருப்பதில் வியப்பில்லை. பிள்ளை வரம் வேண்டியும், பிறந்த பிள்ளைக்கு முடியிறக்கவும் வரும் தம்பதியர் மாணிக்க கங்கையில் நீராடி அங்கேயே சமைத்து உண்டு இரவு தங்குவர். ஆடி என்பது ஊவாத் தேயிலையின் பருவமும்கூட. ஜூலை முதல் செப்டம்பர் வரை மலைகளின் கிழக்குச் சரிவில் வீசும் வறண்ட காற்று தளிரின் வளர்ச்சியைத் தாமதப்படுத்தி அதன் மணத்தைச் செறிவாக்குவதால் உலகச் சந்தையில் இத்தேயிலைக்குத் தனிப் பெயர் உண்டு. ஆனால் கொழுந்து குறையும் அந்த நாட்களில் மேலதிகக் கிலோவுக்கான வருமானமும் குறைவதால், யாத்திரைக்கான பணத்தைச் சீட்டுக் கட்டியே பலர் முன்கூட்டிச் சேர்க்கின்றனர்.

மாசி மாதத்தில் மலையகத் தோட்டங்களில் ஆடப்படும் காமன் கூத்தும் ஓர் இளந்தம்பதியின் கதைதான். மன்மதனுக்கும் ரதிக்கும் தோட்டமே கூடித் திருமணம் செய்துவைக்கிறது. சிவனின் தவத்தைக் கலைக்கப் போகும் மன்மதன் எரிக்கப்படுகிறான். ரதி புலம்பி வேண்ட, அவன் மீண்டும் உயிர்பெறுகிறான். வேலையின் பொருட்டுக் கணவனைத் தொலைவுக்கு அனுப்பிவைத்த பெண்கள், போகவேண்டாம் என்று ரதி தடுக்கும் கட்டத்தில் கண்கலங்கி நிற்பது கூத்தின் திறத்தால் மட்டும் நேர்வதன்று.

பிரிவு என்ற சொல்லுக்கு இம்மக்களின் வரலாற்றில் இன்னும் கொடிய பொருள் ஒன்றுண்டு. 1914 முதல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பல் ஓடியதால், திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கத்து ஊர்களுக்குப் போய்ப் பெண் எடுத்து வருவதும் உறவைப் பார்த்து வருவதும் இயல்பாக இருந்தன. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்கும் எனப் பங்கிட்டது. விண்ணப்பங்கள் வெவ்வேறாக முடிவானதால் பெற்றோர் ஒரு கரையிலும் மணமான மகள் மறுகரையிலுமாகப் பிரிந்த குடும்பங்கள் ஊவாவிலும் உண்டு. எஞ்சியோரின் குடியுரிமைச் சிக்கல் தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

குடியுரிமை கிடைத்த பின்னும் வீடு கிடைக்கவில்லை. 2014 அக்டோபர் 29ஆம் நாள், தீபாவளி கழிந்த ஒரே வாரத்தில், பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. ஆபத்தான இடம் என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தும் அங்கே குடியிருந்தோருக்குப் போக வேறு இடம் இருக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது பதுளை மாவட்டம் மீண்டும் மண்சரிவுகளில் உயிர்களை இழந்தது. 2015க்குப் பின் குடும்பத்துக்கு 7 பேர்ச், அதாவது ஏறத்தாழ 1,900 சதுர அடி நிலத்தில் தனிவீடு கட்டித்தரும் திட்டம் தொடங்கியது. 2017இல் இந்தியா மேலும் 10,000 வீடுகளை அறிவித்தது. ஆனால் இருக்கும் லயங்களின் தொகைக்கு இந்த எண்ணிக்கை மிகச் சிறிது. தனிவீடு கிடைத்த தம்பதியர் முதலில் செய்வது படுக்கையறைக்குக் கதவு போடுவது. அடுத்து, பெண்ணின் தாயும் தங்கையும் வந்தால் தங்குவதற்கென ஒரு மூலையை ஒழுங்குபடுத்துவது. அந்த வீட்டின் உறுதிப்பத்திரம் கணவன் மனைவி இருவர் பெயரிலும் எழுதப்படவேண்டும் என்பது அடுத்த கட்டக் கோரிக்கையாக இருப்பதே நியாயம். மலையில் அவளது உழைப்பின்றி அந்த வீட்டுக்கான ஒரு செங்கல்லும் வந்திருக்காது.